அட்டை போடுகிறவர்

கையில் எது கிடைத்தாலும் அதற்கு அட்டை போட்டுவிடுவார். கேஸ் புத்தகம், பால் அட்டை, மின்கட்டணம் எழுதும் வெள்ளை அட்டை, எல்லாவற்றுக்கும் செய்தித்தாளில் ஒரு சட்டை இருந்தது. டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். சாவிக்கொத்துக்கு ஒரு துணிப்பை. காய் வாங்கிவரும் பையின் வாய்மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டுதான் மாடி ஏறுவார். கத்தரிக்காயை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்னா வாங்கிகினு வர்றோம்னு படியேறச்சொல்ல எல்லாருக்கும் தெர்யணுமா தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னார்.

திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பில் அவருக்கு மூன்றாம் மாடி, எனக்கு இரண்டாம் மாடி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தயாரான பாகங்களை அளந்து பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று முத்திரை குத்துவதுதான் வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை. மனைவி இறந்துபோன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு இங்கே வந்தார். மகள் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள்.

அட்டை போடுவதில் அவருக்கு முறைகள் இருந்தன. பசை கூடாது, டேப் கூடாது, மடிப்பிலேயே நிற்க வேண்டும். செய்தித்தாளில் எந்தப் பக்கத்தை எடுப்பது என்பதற்கும் விதி உண்டு. வரி விளம்பரப் பக்கம்தான் உத்தமம். முகம் அச்சான பக்கத்தை எடுக்கவே மாட்டார். ஆள் படம் இருந்தால் பார்க்கிறவன் நின்று பார்ப்பான் என்பார். எழுத்து மட்டும் இருந்தால் கண் தாண்டிப் போய்விடுமாம்.

குடியிருப்பில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பரிசுப் பொருளைச் சுற்றுவதற்கு அவரிடம்தான் எடுத்துப் போவார்கள். வண்ணத்தாளை அளந்து, நகத்தால் கீறி மடித்து, மூலை பிசகாமல் கொடுப்பார். எனக்கு நாள் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. தெருவுக்குத் தார் போட்டது, பூந்தமல்லிக்குப் போகும் வேன்கள் தடம் மாறியது, ஏரி நிரம்பியது என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். அதனால் சில காட்சிகள் எனக்கு மாதத்தோடும் கிழமையோடும்தான் நினைவுக்கு வரும். வைகாசி முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை, அவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு வண்ணத்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். மகளுடைய ஆபீஸ் பெண்ணுக்குக் கல்யாணமாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் முள் அசையும் சத்தம் கேட்டது. வெளியே கேட்கக் கூடாது என்று பேட்டரியைக் கழற்றித் தனியாக ஒரு தாளில் மடித்து வைத்தார்.

இனி அவருடைய புத்தகங்கள். பூந்தமல்லி வேனில் போகும்போதெல்லாம் மடியில் ஒரு புத்தகம் விரிந்திருக்கும். அதற்கும் வரி விளம்பரச் சட்டை. என்ன புத்தகம் என்று நான் கேட்டதில்லை. அவரோடு அந்தக் காலத்தில் வெல்டிங் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் அதே வேனில் வருவார். அவர் விடமாட்டார்.

"இன்னா மாமே, பொண்ணு பாக்க வந்தவன் மாறி அத்தயே உத்துப் பாத்துகினு கீற? உள்ள இன்னா கீது?"

"பொது அறிவு."

"பொது அறிவுக்கு எதுக்குடா முக்காடு?"

வேன் சிரிக்கும். இவர் பக்கத்தைத் திருப்புவார். காது மட்டும் சிவந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் வாசிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து பேசுவோம். அங்கே அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. போர் வரலாறு, பயணக் கட்டுரை, அறிவியல் என்று எது பேசினாலும் உருப்படியாக ஒரு கருத்து சொல்வார். காதல் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை கீழ்வீட்டு அம்மாள், தான் படித்த குடும்ப நாவல் ஒன்றைப் பற்றி ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தார். இவர் குறுக்கிட்டு, அதெல்லாம் வீட்டில் வேலையில்லாதவர்கள் சமாச்சாரம் என்று முடித்துவிட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை.

தட்டு விஷயத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். வைகாசிக்கு முந்தைய ஆண்டு, தை மாதம். வெள்ளிக்கிழமை என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் ஞாயிறுதான். அன்று எனக்கு விடுமுறை, படிக்கட்டில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மகளோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தன் அம்மாவோடு மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனார். அந்த அம்மாளின் கையில் தட்டு. அதில் ஆப்பிள், சாத்துக்குடி, பூ, ஓர் இனிப்புப் பெட்டி. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார்கள். தட்டு அதே கையில் இருந்தது. அதன்மேல் செய்தித்தாள் போட்டு மூலைகளை அழகாக உள்ளே மடித்து விட்டிருந்தது.

மறுப்பு என்று ஒரு சொல் அவர் சொல்லவில்லையாம். காபி கொடுத்திருக்கிறார். குத்தம்பாக்கத்தில் பேருந்து நிலையம் வரப்போவதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கிளம்பும்போது தட்டை மூடிக் கையில் கொடுத்திருக்கிறார். இதை என்னிடம் சொன்னவரும் அவர்தான். அவர்கள் வேறு ஆட்கள், ஊரில் அண்ணன் தம்பிகளுக்கு என்ன பதில் சொல்வது என்றார். கடைசியாக, "தெறந்த தட்டோட எறங்கிப் போனா நம்ம பில்டிங்ல நாலு பேரு கேக்க மாட்டாங்களா? அதான் மூடிக் குடுத்தேன்" என்றார். அந்த அம்மாளுக்கு மரியாதை செய்ததாகவே நினைத்திருந்தார்.

மகள் அதன் பிறகும் அதே ஆபீசுக்குப் போய்வந்தாள். அப்பாவுக்குச் சமைத்தாள், பேசினாள். கல்யாணப் பேச்சு மட்டும் அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை. அவரும் வேறு வரன் எதுவும் பார்க்கவில்லை.

கடிகாரம் சுற்றிய வைகாசிக்குப் பிறகு வந்த ஆடி மாதத்தில் ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். புத்தகம் படிக்கும் கருவி ஒன்று வாங்க வேண்டும், நான்தான் தேர்ந்தெடுக்க உதவ வேண்டும் என்றார். ஆவடியில் அவர் புத்தகம் எடுத்துவந்த வாடகை நூலகத்தை மூடிவிட்டார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு செல்போனில் படித்தால் கண் கூசுகிறது. இதெல்லாம் எல்லோரும் சொல்லும் காரணங்கள். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தி முக்கியமான நிபந்தனையைச் சொன்னார்.

"நான் இன்னா படிச்சிகினு கீறேன்னு வெளிய இருந்து பாக்கறவனுக்குத் தெர்யக்கூடாது. அது ஒண்ணுதான் தம்பி."

அரசியல் புத்தகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் இருந்தது பழைய கருவி. இரண்டு ஓரத்திலும் பட்டன் வைத்தது. அலுவலக நண்பர் ஒருவரிடம் புதிதாக வந்த டச் ஸ்கிரீன் கருவி இருந்தது. அதை ஒருநாள் கேட்டு வாங்கிவந்தேன். மொட்டை மாடியில் இரண்டையும் கைப்பிடிச் சுவரில் வைத்து அவர் சோதனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

முதலில் வெயில். எழுத்து மங்குகிறதா என்று சூரியனுக்கு முகம் காட்டிப் பார்த்தார். இரண்டும் பாஸ். அடுத்து என்னை வேனில் உட்காருவதுபோல் பக்கத்தில் ஒட்டி உட்காரச் சொன்னார். ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். திரையில் இரண்டு விரலை வைத்துக் கிள்ளுவதுபோல் குவித்தால் எழுத்து சிறிதாகும் என்று காட்டியிருந்தேன். குவித்தார். இப்போது படி என்றார். திணறினேன். இன்னும் குவித்தார். எனக்கு எறும்பு வரிசையாகத் தெரிந்தது. அவர் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசையாமல் ஒரு பக்கம் முழுவதும் வாசித்துவிட்டு, "பாஸ்" என்றார்.

பிறகு சத்தம். என்னுடைய பழைய கருவியின் பட்டனைக் காதருகே வைத்து அமுக்கினார். டிக், டிக்.

"பக்கத்து ரூமுக்குக் கேக்கும். ரிஜெக்ட்."

"பக்கத்து ரூம்ல யார் சார், உங்க பொண்ணுதானே?"

அவர் டச் ஸ்கிரீனில் விரலை ஓட்டினார். பக்கம் ஓசையில்லாமல் புரண்டது. இன்னொருமுறை ஓட்டினார். முகம் மலர்ந்தது. வாளித் தண்ணீரில் விரலை நனைத்து வந்து சொட்டவிட்டபோது மட்டும் பக்கம் தானாக ஓடியது. அதைக் குறையாகச் சொல்லி, ஆனால் துடைத்துக்கொள்ளலாம் என்று மன்னித்தார்.

அதே வகை டச் ஸ்கிரீன் கருவியோடு ஒரு மடிப்பு உறையும் வாங்கினோம். அது அவர் விதித்த நிபந்தனை. உறையைத் திறந்தால் கருவி விழிக்கும், மூடினால் உறங்கும். பார்சல் வந்த அன்று நானே வைஃபை இணைத்து, கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். மாதச் சந்தா கட்டினால் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் இரவல் எடுக்கலாம் என்று சொன்னேன். எப்படித் தேடுவது என்று காட்டப் போனேன். அவர் கருவியை வாங்கிக்கொண்டு, "மிச்சத்த நான் பாத்துக்கறேன் தம்பி" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

எல்லாச் சோதனையும் கருவி விழித்திருக்கும்போது செய்தது. ஓடுகிற பாகத்தைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் சோதித்தவர். அது உறங்கும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. என் பழைய கருவி உறங்கினால் பென்சில் படம் வரும், அல்லது ஒரு மரம். புதியது உறங்கும்போது, கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டையைத் திரை முழுக்கக் காட்டும். மடிப்பு உறை மூடியே இருந்ததால் அது அவருக்கே தெரியாமல் இருந்தது.

ஆவணி கடைசி ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டது, குவித்தாலும் குறையவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். சாப்பாட்டு மேசையில் கருவியைத் திறந்து வைத்திருந்தார். எழுத்தைச் சிறிதாக்கும்போதுகூட நான் படித்துவிடக் கூடாது என்று உள்ளங்கையால் பாதியை மறைத்துக்கொண்டார். அந்த நேரம் கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. லாரியில் தண்ணீர் முழுசாக இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல. பின்பக்க ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கிக் குனிந்து பார்ப்பார். அவர் திறந்து பார்த்து நான் கண்ட ஒரே மூடி அதுதான். ஏணியைப் பிடித்துக்கொள்ள நானும் இறங்கினேன். அன்று லாரிக்காரரோடு அளவு பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது.

திரும்பி வந்தபோது மகள் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மேசையருகே நின்றிருந்தாள்.

அவர் கால்மிதியில் ஈரக்காலைத் துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்தார். அவருக்கு முன்பே உள்ளே வந்து மேசைக்கு அப்பால் நின்ற நானும் பார்த்தேன். உறை திறந்தே கிடக்க, வெகுநேரம் யாரும் தொடாததால் கருவி உறங்கியிருந்தது. திரையில் ஒரு படம். மழையில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் கண்ணை மூடியிருக்கிறாள். மேலே வளைந்த எழுத்தில், நிறையப் புள்ளிகள் வைத்த தலைப்பு. முகம் அச்சான பக்கத்தைத் தொடாத மனிதரின் மேசையில் இரண்டு முகங்கள்.

மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கருவியை எடுத்து, எழுப்பி, திறந்திருந்த பக்கத்தைப் படித்தாள். இன்னொரு பக்கம் தள்ளினாள். சத்தமே இல்லை.

"இது உங்களதாப்பா?"

"தம்பி ஏதோ ஏத்திக் குடுத்தாரு" என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் காட்டினேன் என்று தெரியவில்லை. அவரே நிறுத்திக்கொண்டார். "என்னுதுதாம்மா" என்றார்.

"அம்மா பேர்ல லைப்ரரில எடுத்துட்டு வந்ததெல்லாம்?"

"மொதல்ல அவளுக்குத்தான் எடுத்தாந்தேன். ஆஸ்பத்திரில படிச்சிக் காட்டுவேன். அப்பறம் கார்ட திருப்பிக் குடுக்கல."

நான் வெளியே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். என் செருப்பு வாசலில் இருந்தது. வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் அவர்கள் இருவரும் நின்றார்கள். அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வயதில் ஒரு மனிதர் தன் மகள் முன்னால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கக் கூடாது. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "இதுல அந்தப் பொண்ணோட அப்பா கடைசில ஒத்துக்கறாராப்பா?"

காலைத் துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. கால் எப்போதோ காய்ந்துவிட்டது.

"இத்த இன்னும் முடிக்கல. மத்ததுல எல்லாம் ஒத்துக்கினாங்க."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் கருவியை மேசையில் வைத்தாள். அவர் கொஞ்சம் தைரியம் வந்தவர்போல் ஓரடி முன்னால் வந்தார். என்னை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அந்தப் பையன் இன்னும் உங்க ஆபீஸ்லதான் கீறானாம்மா? அவங்க அம்மா நல்லா கீறாங்களா? நான் வோணா ஒருதபா போயி..."

"அவருக்கு வைகாசில கல்யாணம் ஆயிடுச்சுப்பா."

அவர் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்.

"ஆபீஸ் பொண்ணுக்குக் கல்யாணம்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனேனே, அதுதான். கடிகாரத்தை நீங்கதானே சுத்திக் குடுத்தீங்க."

குறை சொல்லும் குரல் அல்ல அது. ஒரு தகவலைச் சரிசெய்கிற குரல். கடைப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவளும் அவருடைய மகள்தான், மூடி வைக்கத் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் கூசினேன்.

அவர் மேசையருகே போய்க் கருவியை அணைக்கப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார். மழையில் நிற்கும் ஜோடி வந்தது. பதறி மறுபடி அமுக்கினார். எழுத்து வந்தது. மறுபடி அமுக்கினார். ஜோடி. அணைக்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் படம்தான் வந்தது. கடைசியில் கவிழ்த்து வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் நண்பருடைய கருவியை வாங்கி, அமைப்புகளுக்குள் தேடினேன். உறங்கும்போது அட்டையைக் காட்டு என்று ஒரு வரி, பக்கத்தில் அணைப்பதற்கான குறி. விரலால் ஒருமுறை தொட்டால் போதும், பென்சிலும் மரமும் திரும்பி வந்துவிடும். அன்று மாலையே மூன்றாம் மாடிக்குப் போய்ச் சொன்னேன். அவருக்காகச் செய்ய என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. அவர் கருவியை என் கையில் தரவில்லை.

"இருக்கட்டும் தம்பி" என்றார். பிறகு, "மூடி மூடி இன்னாத்த பாத்தேன்" என்றார்.

அடுத்த பங்குனியில் மகளுக்குக் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் வந்தது. அவளே கேட்டு வாங்கிய மாற்றல் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அவரும் கூடப் போனார். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் அவரே கட்டினார், ஆனால் பெட்டிகளை மூடாமல் கயிறு மட்டும் போட்டிருந்தார். லாரியில் ஏற்றும்போது சட்டியும் பானையும் தலையணையும் தெருவுக்கே தெரிந்தன. இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது.

அவரை நினைத்தால் எனக்கு அந்த வீட்டுக் கூடம் நினைவுக்கு வருவதில்லை. அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய புரட்டாசியில் ஒரு காலை வேன்தான் வருகிறது. நான் பின்னிருக்கையில் இருந்தேன். அவர் முன்னால், வெல்டிங் பிரிவு நண்பருக்குப் பக்கத்தில். மடியில் கருவி, மடிப்பு உறை இல்லாமல். வேலப்பன்சாவடி நெரிசலில் வேன் வெகுநேரம் நின்றது. கருவி உறங்கிப்போய் ஜோடியைக் காட்டியது. இந்த முறை வேறொரு ஜோடி, கடற்கரையில்.

நண்பர் குனிந்து பார்த்தார். வேன் முழுக்கக் கேட்கும்படி, "அடப்பாவி, இத்தத்தான் இத்தினி வருசமா மூடிகினு இருந்தியா மாமே?" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் காது சிவந்தது. கழுத்து வரை சிவந்தது.

"ஆமா, இத்தத்தான்" என்றார்.

கருவிக்கு அடியில் அன்றைய செய்தித்தாள் இருந்தது. அவர் கை அதைத் தேடிப் போனது. ஒரு மூலையைப் பிடித்து உருவவும் செய்தது. பிறகு விட்டுவிட்டு, முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பூந்தமல்லி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.